கழுத்துக்குக் கீழே, அரைஞாணுக்கு மேலே

நவம்பர் 12, திங்கள்

எல்லோரும் படுத்துவிட்டார்கள். நைனா மட்டும் தூக்கத்தில் இருமுகிறார். தங்கச் சுரங்கத்து மின்விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாக என் பாயில் ஒரு முறம் அளவுக்கு விழுகிறது. நோட்டை அதற்குள் வைத்துக்கொண்டால் எழுத முடிகிறது. கை கொஞ்சம் நகர்ந்தால் எழுத்து இருட்டுக்குள் போய்விடும்.

நான் பயந்தாங்கொள்ளி என்று இந்த லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பூமிக்குள் பாறை வெடித்துப் பாத்திரங்கள் ஆடும்போது மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள், நான் அம்மாவின் புடவைக்குள் போய்விடுவேன். பதின்மூன்று வயதாகியும் இப்படித்தான். பகலில் வாயில் வராததை இரவில் எழுதியாவது பார்க்கலாம் என்று தோன்றியது.

அண்ணன் டிசம்பரில் வெறுங்கைச் சண்டைக்குப் போகிறான். பெயர் கொடுத்துவிட்டானாம். இன்னாசி, மேற்கு லைன். எதிராளி எல்லப்பன், கிழக்கு லைன். ஜெயிக்கிறவனைத்தான் குப்புசாமி மேஸ்திரி துரைமார் கிளப்புக்கு அழைத்துப் போவார். கிளப்பில் கையுறை மாட்டிச் சண்டை போடுகிறவர்களுக்குத் துரை சுரங்கத்துக்கு மேலே வேலை கொடுப்பார். விளக்கு அறையிலோ ஸ்டோரிலோ, வெயில் படுகிற வேலை. அண்ணன் இப்போது கீழே பாறைத் தூள் அள்ளுகிறான். நைனாவும் அதைத்தான் அள்ளினார். இப்போது சுவரோரம் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். படுத்தால் மூச்சு வராது.

அம்மா அண்ணனுக்கு மட்டும் இன்னும் ஒரு கரண்டி களி வைத்தாள்.

நவம்பர் 13, செவ்வாய்

பூகோளத்தில் நதிகளை மாற்றிக் குறித்துவிட்டேன். ஜெபமாலை சிஸ்டர் காதைத் திருகினார். பெரிதாக வலிக்கவில்லை.

நவம்பர் 17, சனி

வெறுங்கைச் சண்டையில் முகத்தைத் தொடக்கூடாது. இது எங்கள் லைன்களில் மட்டும் உள்ள சட்டம் என்று நினைக்கிறேன். மண்டையைக் குத்தினால் குத்துகிறவனின் விரல்தான் முதலில் உடையும். விரல் உடைந்தவனை மறுநாள் சுரங்கக் கூண்டில் ஏற்றிக் கீழே அனுப்ப மாட்டார்கள். வீங்கின முகத்தோடு போனாலும் ஃபோர்மன் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அடியெல்லாம் கழுத்துக்குக் கீழே, அரைஞாணுக்கு மேலே. முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு எதுவும் தப்பில்லை. சுற்று கிடையாது, மணி கிடையாது. யார் முதலில் தரையில் உட்காருகிறானோ அவன் தோற்றவன்.

அண்ணனுக்கு அடி வாங்கிப் பழக ஆள் வேண்டும். கூட்டாளிகள் எல்லாம் ஷிப்டில் இருக்கிறார்கள். அதனால் சாயங்காலம் கொல்லையில் நான்தான் குத்துகிறேன்.

முதலில் சும்மா தொட்டேன். "இன்னாடி, பூசாரி திருநீறு வெக்கிறாப்ல வெக்கிற?" என்றான். அப்புறம் சொல்லிக்கொடுத்தான். கட்டை விரல் மேலே இருக்கும்படி முஷ்டியை நிறுத்திப் பிடிக்க வேண்டும். கிணற்றில் எட்டிப் பார்க்கிற மாதிரி இடுப்பை வளைக்கக் கூடாது, முட்டியை மடக்கி முழு ஆளாக இறங்க வேண்டும். முழங்கை நம் இடுப்பை ஒட்டியே இருக்க வேண்டும். குத்து ஒரு சாண்தான் போகும், ஆனால் குதிகாலிலிருந்து புறப்பட்டு வரும்.

"எங்க குத்துறதுன்னு தெரியணும். நெஞ்சுக்குழி. அங்க பட்டா மூச்சு வெளிய போயி திரும்பி வராது. அப்புறம் கடைசி விலா. அது எதோடயும் ஒட்டாம தொங்குற எலும்பு. அப்புறம் வலது பக்கம் ஈரல்."

"ஈரல்ல பட்டா இன்னா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. சிரிப்பான். ஒரு மூச்சு விடுற நேரம் நல்லாத்தான் நிப்பான். அதுக்கப்புறம் காலு அவனுக்குச் சொந்தமில்ல."

எதிராளி மூச்சை உள்ளே இழுக்கும் நேரம் பார்த்து அடிக்க வேண்டுமாம். வெளியே விடும்போது வயிறு பலகையாக இருக்கும், இழுக்கும்போது கதவு திறந்திருக்கும். நான் அண்ணனின் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்கப் பார்க்க என் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. குத்தவே மனம் வரவில்லை.

"தூங்கிட்டியா?" என்றான்.

நவம்பர் 19, திங்கள்

இன்று சாக்கில் மணல் கட்டி முருங்கை மரத்தில் தொங்கவிட்டான். என் கை பலம் போதவில்லை, நான் சாக்கை வீசித் தள்ள வேண்டும், அவன் வயிற்றில் வாங்குவான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

சட்டை பித்தான் இரண்டு தைத்தேன். அரிசி பொறுக்கினேன். வேறு ஒன்றும் எழுதுவதற்கு இல்லை.

நவம்பர் 21, புதன்

கிறிஸ்துமஸ் வருகிறது என்று அம்மா கொல்லைச் சாக்கடை ஓரம் சுண்ணாம்பு அடித்திருக்கிறாள். அண்ணன் விடிவதற்கு முன் ஷிப்டுக்குப் போகும்போது அங்கேதான் ஒன்றுக்கு இருப்பான். பொதுக் கக்கூஸ் லைனின் அந்தக் கடைசியில் இருக்கிறது, இந்தக் குளிரில் யாரும் அவ்வளவு தூரம் நடப்பதில்லை. காலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது என் வேலை.

இன்று சுண்ணாம்பின் மேல் சிவப்பாக இருந்தது.

சாயங்காலம் கேட்டேன். "பீட்ரூட்டுடி" என்று சிரித்தான். அது உண்மைதான். சண்டைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பீட்ரூட் சாறு குடிக்கிறார்கள். துரை பங்களா சமையல்காரர் ஒருவர் அது நேராக ரத்தமாகிவிடும் என்று சொன்னாராம், அதிலிருந்து இரண்டு லைன்களிலும் பழக்கமாகிவிட்டது. நான்தான் தினமும் துருவித் துணியில் பிழிந்து கொடுக்கிறேன். என் விரல் நுனிகளெல்லாம் சிவப்பு.

ஆனாலும் அவன் இடது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டே சிரித்தான்.

நவம்பர் 24, சனி

பயமாக இருக்கிறது. அதனால் ஒன்று செய்தேன்.

சந்தையிலிருந்து வாங்கி வந்த பீட்ரூட்டை எல்லாம் விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன். அம்மாவிடம் சந்தையில் இல்லை என்று சொன்னேன். அண்ணனிடமும் சொன்னேன். "பரவால்ல, கேவுருக் கூழு போதும்" என்றான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து விறகு மறைவில் உட்கார்ந்து நானே பச்சையாகக் கடித்துத் தின்றேன். மண் வாசனை. பூமிக்குள் இருப்பதைத் தின்கிற மாதிரி இருந்தது. எங்கள் வீட்டு ஆண்கள் பூமிக்குள் போகிறார்கள், பூமி என் வாய்க்குள் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 27, செவ்வாய்

என்னுடையது சுண்ணாம்பின் மேல் ரோஜா நிறத்தில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் அழகாக ஓடிவிடுகிறது.

அவன் சனிக்கிழமையிலிருந்து பீட்ரூட் குடிக்கவில்லை. அவனுடையது கறி கழுவின தண்ணீர். ஓரத்தில் காய்ந்து பழுப்பாகிறது. துடைப்பத்தால் தேய்க்க வேண்டியிருக்கிறது.

நவம்பர் 28, புதன்

கனவில் நான் அண்ணனுக்குள் இறங்கினேன். கூண்டு இல்லை, கயிறு இல்லை, நெஞ்சுக்குழி வழியாக மெல்ல மெல்ல இறங்கினேன். கையில் சுரங்கத்து விளக்கு. விலா எலும்புகள் சுரங்கத்தில் மண் சரியாமல் கொடுக்கிற மர முட்டுகள் போல வரிசையாக நின்றன. உள்ளே சூடாக இருந்தது, யாரோ தாலாட்டுகிற மாதிரி எல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. பயமே இல்லை. அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

இடது பக்கம் ஒரு சின்ன அறை. அதன் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. என் கால் நனைந்தது. விளக்கைத் தூக்கிப் பார்க்கப் போனேன். மூலையில் மணல் சாக்கு ஒன்று தானாக ஆடிக்கொண்டிருந்தது.

எழுந்தபோது நைனா விழித்திருந்தார். "இன்னா கண்ணு, கனா கண்டியா?" என்றார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

அன்று நான் சாக்கை வீசினபோது அவன் திரும்பினது எனக்குத் தெரியாது. வேலிப் பக்கம் திரும்பினதை நான் பார்க்கவில்லை.

டிசம்பர் 2, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பீட்ரூட் விஷயத்தில் பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன். அவர் எவ்வளவு பீட்ரூட் என்று கேட்டார்.

வீட்டில் இன்றும் வாழைத்தண்டு. ஒரு வாரமாக வாழைத்தண்டுக் கூட்டு, வாழைத்தண்டு மோர், இல்லாவிட்டால் பார்லி கஞ்சி. பார்லி காய்ச்சல்காரர்களுக்குத்தானே. யாருக்கும் காய்ச்சல் இல்லை. அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கேட்டால், "வாயை மூடிக்கினு துன்னு" என்கிறாள். அண்ணன் தட்டில்தான் அதிகம் வைக்கிறாள். அவன் முகத்தைப் பார்க்காமல் வைக்கிறாள்.

டிசம்பர் 5, புதன்

இன்று தைரியம் வந்தது. கொல்லையில் அவன் உப்புத் தண்ணீரில் முஷ்டியை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோல் தடிப்பதற்கு.

"அண்ணே, அது பீட்ரூட் இல்ல."

"எது?"

"எனக்குத் தெரியும். நான் பீட்ரூட்டை ஒளிச்சு வெச்சுட்டேன்."

அவன் கைகளைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"திருட்டுக் கழுதை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் அண்ணே."

"போனா? கம்பெனி டாக்டர் சீட்டு எழுதுவாரு. சீட்டு மேஸ்திரிக்குப் போவும். பேரை அடிச்சுடுவாங்க. அடுத்த வருசம் எவனோ ஒரு பொடியன் வருவான். நான் அள்ளிக்கினே இருப்பேன்." நைனா இருமுகிற பக்கம் தலையை ஆட்டினான். "கேக்குதா? அந்தச் சத்தம் எனக்கும் வருதுடி. காலைல எழுந்தா வருது. கொஞ்சமாத்தான்."

எனக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. "அன்னிக்கு சாக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"உன் கை இன்னாடி கை. கொசு." தண்ணீரை என் முகத்தில் தெளித்தான். "எல்லப்பன் என் இடது பக்கம் வர மாட்டான். நான் உள்ள பூந்து அவன் தோள்ல தலையை வெச்சுக்குவேன். முழங்கையைப் பூட்டிக்குவேன். ரெண்டே ரெண்டு ஈரல் குத்து. உக்காந்துடுவான். நைனா மேல சத்தியம் பண்ணு, அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு. மேஸ்திரிகிட்ட சொல்ல மாட்டேன்னு."

அம்மாவிடமும் மேஸ்திரியிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

டிசம்பர் 8, சனி

மாதா திருநாள், பள்ளி விடுமுறை. எண்ணெய் வாங்கக் கிழக்கு லைன் வழியாகப் போனேன். அந்த வழி சுற்று.

எல்லப்பனைப் பார்த்தேன். கல் போல ஆள் இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லி. முன்பல் ஒன்று இல்லை. நனைந்த கோணி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுக் குத்திக்கொண்டிருந்தார். வேகமே இல்லை. ஒரு குத்து, அப்புறம் மூட்டையைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் போய் இன்னொரு குத்து. எப்போதும் பின்பக்கம் போகிறார். இடுப்புக்கு மேலே, முதுகின் ஓரத்தில், வலது கையால். கோணி அங்கே மட்டும் குழிந்திருந்தது.

வேடிக்கை பார்த்த ஒருவர், "யோவ், முதுகு சொரிஞ்சு வுடுறியா?" என்றார்.

"அரிக்கிற எடத்துல சொரிஞ்சாத்தான் ஆளு தூங்குவான்" என்றார் எல்லப்பன்.

எண்ணெய் வாங்க மறந்துவிட்டேன். அம்மா தலையில் குட்டினாள்.

டிசம்பர் 11, செவ்வாய்

எழுத்து கோணலாக இருக்கிறது.

எல்லப்பன் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக. அவர் மனைவி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார், வயிறு பெரிதாக இருந்தது. "யாருமா நீ?" என்றார். நான் புத்தகப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எல்லப்பன் கொல்லையிலிருந்து வந்தார். அவர் சுரங்கத்துக்குள் மர முட்டு கொடுக்கிற வேலை. கையில் மர வாசனை.

"மேற்கு லைனு பொண்ணாச்சே. இன்னாசி தங்கச்சிதானே?"

தலையாட்டினேன்.

"தூது வந்தியா? ஒன் அண்ணன் பயந்துட்டானா?"

"அவனுக்குத் தெரியாது." அப்புறம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "எடது பக்கம் பின்னால அடிக்காதீங்க. வேற எங்க வேணா அடிங்க. அங்க அடிச்சா செத்துடுவான். ரத்தமா போவுது."

அவர் மனைவி முறத்தைக் கீழே வைத்தார்.

எல்லப்பன் கிட்டே வந்தார். "சண்டைக்கு அஞ்சு நாளு கீது. எதிராளி வீட்டுக்கே வந்து எங்க அடிச்சா வுழுவான்னு சொல்லிட்டுப் போறியே, உனக்கு மூளை கீதா?"

அப்போதுதான் எனக்கு அது புரிந்தது. போகும் வழியெல்லாம் நான் யோசித்திருக்கிறேன், ஆனால் இதை யோசிக்கவில்லை.

"எனக்கும் மேல் வேலை வேணும் பாப்பா" என்றார். "போன மாசம் நான் குடுத்த முட்டு ஒண்ணு முறிஞ்சுது. ரெண்டடி தள்ளி நின்னேன், அதனால இங்க நிக்கிறேன்."

"அண்ணே" என்றேன். அவரை அப்படிக் கூப்பிட்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வூட்டுக்குப் போ. இருட்டப் போவுது."

அவர் மனைவி வாசல் வரை வந்து ஒரு கை உளுந்தை என் பையில் போட்டார், எதற்கென்று தெரியவில்லை. சரி என்றோ மாட்டேன் என்றோ எல்லப்பன் சொல்லவில்லை.

டிசம்பர் 12, புதன்

என் அண்ணன் எங்கே திறந்திருக்கிறான் என்று இந்த ஊரில் எல்லப்பனுக்கு மட்டும் தெரியும். நான் சொன்னதால்.

டிசம்பர் 15, சனி

தூக்கம் வரவில்லை. வெளிச்சத்துக்குள் கையை நீட்டி முஷ்டி பிடித்துப் பார்த்தேன். கட்டை விரல் மேலே. நிழல் சுவரில் பெரிதாக விழுந்தது. யாரோ பெரிய ஆளுடைய கை.

டிசம்பர் 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சண்டை கழிவுமண் மேட்டுக்குப் பின்னால். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சுகிற மண்ணைக் கொட்டிக் கொட்டி அது மலையாகிவிட்டது. புல் பூண்டு முளைக்காது. வெயிலில் வெள்ளையாக, மாவு மாதிரி. காற்று அடித்தால் ஒரு புகை எழும்பி எல்லோருடைய புருவத்திலும் உட்காரும். பெண்பிள்ளைகள் வரக்கூடாது. நான் மேட்டின் மேலே படுத்துக்கொண்டு பார்த்தேன். கீழே ஆண்கள் வட்டமாக நின்றார்கள். அங்கிருந்து எல்லாம் சின்னதாகத் தெரிந்தது. சத்தம் மட்டும் காற்றோடு ஏறி என் காதருகே வந்தது.

குப்புசாமி மேஸ்திரி காலால் ஒரு கோடு இழுத்தார். "கழுத்துக்குக் கீழ, அரைஞாணுக்கு மேல. மூஞ்சில பட்டா நானே எறங்கி ஒதைப்பேன். உக்காந்தவன் தோத்தவன். ஆரம்பிங்கடா."

இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டி, வெறும் மார்போடு கோட்டில் கால் வைத்தார்கள். அண்ணன் சொன்னபடியே செய்தான். முகத்துக்குக் கை காட்டினான். தொடவில்லை, சும்மா காட்டினான். எல்லப்பனின் முழங்கைகள் ஒரு விரல் அளவு மேலே போயின. அண்ணன் முட்டியை மடக்கி உள்ளே புகுந்து அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேர் கட்டிக்கொண்டு அழுகிற மாதிரி இருந்தது. ஆனால் நடுவில் கைகள் வேலை செய்தன. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம்.

அண்ணனின் இடது கை எல்லப்பனின் ஈரலில் இறங்கியது. எல்லப்பன் சிரித்தார். நான் மூச்சை நிறுத்தி எண்ணினேன். அவர் கால்கள் மடங்கின. ஆனால் உட்காரவில்லை. முட்டிக்கு ஒரு சாண் கீழே தரை இருந்தது, அவர் அந்தச் சாணில் நின்றார். அப்படியே எழுந்தார்.

"உக்காருடா எல்லப்பா, வூட்டுல பாய் போட்டு வெச்சுக்கீறாங்க" என்று மேற்கு லைன்காரர்கள் கத்தினார்கள்.

அப்புறம் எல்லப்பன் அடித்தார். நெஞ்சுக்குழி, வலது விலா, மறுபடியும் வலது விலா. அண்ணன் களைத்தான். களைத்தபோது இடது முழங்கை இறங்கி முன்னால் போனது. பின்பக்கம் முழுதாகத் திறந்து கிடந்தது. எல்லப்பன் அந்தப் பக்கம் நடந்து போனார், கோணி மூட்டையைச் சுற்றி நடந்த மாதிரியே. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் மறுபடியும் வலது பக்கம் வந்திருந்தார்.

இப்படி ஒரு முறை அல்ல, பல முறை. கூட்டம் முதலில் கவனிக்கவில்லை. அண்ணன்தான் முதலில் கவனித்தான். அவன் அடிப்பதை நிறுத்தினான். எல்லப்பனின் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படி, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கினான்.

"அடி" என்றான். "அங்க ஏன் வர மாட்டேங்கிற? யாரு சொன்னது? அடிடா."

எல்லப்பன் நின்றார்.

கூட்டம் புரிந்துகொண்டது. கிழக்கு லைன்காரர்களே கத்தினார்கள். "எவ்ளோ வாங்கினடா?" "மச்சானா அவன் உனக்கு?" "கதவைத் தொறந்து வெச்சுட்டுக் கூப்புடுறான், வாசல்ல நின்னுக்கினு கோலம் போடுறியே." மேஸ்திரி முகம் சிவந்து, "எல்லப்பா, அடி. இல்லாட்டி ரெண்டு பேரையும் அனுப்பிடுவேன், ஒருத்தனும் கிளப்பு வாசல மிதிக்க முடியாது" என்றார்.

எல்லப்பன் வலது முஷ்டியைப் பின்னால் இழுத்தார். எனக்குக் கத்த வாய் வரவில்லை. கனவில் வராதே, அப்படி. வாயில் மண் மாவு.

முஷ்டி வரும் வழியில் விரிந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்ததை நான் பார்த்தேன். இவ்வளவு தூரத்திலிருந்து அதைப் பார்த்திருக்க முடியுமா என்று தெரியவில்லை, ஆனால் பார்த்தேன். வெறும் உள்ளங்கை அண்ணனின் இடுப்புக்கு மேலே பட்டது. மாட்டின் முதுகில் தட்டுவார்களே, அந்த அளவுதான்.

அண்ணன் உயர்த்திய கையோடு நின்றான். பிறகு முட்டி போட்டான். பிறகு உட்கார்ந்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். "தட்டிக் குடுத்ததுக்கே தூங்கிட்டான்டா கொழந்த." மேஸ்திரியும் சிரித்தார். அண்ணன் எழவில்லை. வெள்ளை மண்ணில் அவனைச் சுற்றி ஈரம் பரவியது. வேட்டியும் நனைந்தது. சிவப்பு என்று சொல்ல முடியாது, கறுப்பு. முன்வரிசையில் இருந்தவர்கள் முதலில் சிரிப்பை நிறுத்தினார்கள், பிறகு அடுத்த வரிசை.

எல்லப்பன்தான் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினார். மேட்டிலிருந்து நான் உருண்டு வந்தேன். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு.

டிசம்பர் 17, திங்கள்

உயிரோடு இருக்கிறான்.

டிசம்பர் 20, வியாழன்

இடது சிறுநீரகம் கிழிந்திருக்கிறதாம். முஷ்டியால் ஒரு அடி விழுந்திருந்தாலும் வெடித்திருக்கும் என்றார் டாக்டர். அசையாமல் படுக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

"மொத அடி எப்ப பட்டது?" என்று டாக்டர் கேட்டார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போன மாசம் சார். கீழ டிராலி வந்து இடிச்சுது" என்றான் அண்ணன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

டிராலி இடித்ததாக அவன் வீட்டில் சொல்லவே இல்லை. எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் அம்மா ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கூடையில் பார்லி கஞ்சித் தூக்கு இருந்தது. "மேல் வேலை கெடச்சிருந்தா..." என்று சொல்லி நிறுத்தினாள். பிறகு தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். மெதுவாகத்தான். நான் அவள் கையைப் பிடித்தேன்.

டிசம்பர் 25, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்கு அதிரசம் கொண்டுபோனோம். அண்ணன் அம்மாவிடம் பேசினான். நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். என் பக்கம் திரும்பவில்லை. திருப்பூசைக்கு யார் யார் வந்தார்கள் என்று நான் சொன்னேன். சுவரிடம் சொன்ன மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது வாசலில் எல்லப்பன் நின்றிருந்தார். மேஸ்திரி அவரையும் கிளப்புக்கு அழைத்துப் போகவில்லை. சரியாக அடிக்காதவன் ஜெயித்தவன் இல்லை என்று சொல்லிவிட்டாராம். உள்ளே போகலாமா என்று என்னிடம் கேட்டார். "என்கிட்டயே அவன் பேசல" என்றேன்.

"பேச மாட்டான்" என்றார். "தோத்தவன் தோத்ததுக்குப் பேச மாட்டான். நீ அவனை ஜெயிக்கவும் வுடல, சாகவும் வுடல. கொஞ்ச நாள் ஆவும்." இரண்டு ஆரஞ்சுப் பழத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம்.

ஜனவரி 5, சனி

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். நடக்கிறான். சாப்பிடுகிறான். கொல்லையில் முருங்கை மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து மடித்து வைத்தான். மணலை வாசலில் கொட்டிவிட்டான். நான் எதிரில் வந்தால் ஒதுங்கி வழி விடுகிறான், அந்நியப் பெண்ணுக்கு விடுகிற மாதிரி.

சுண்ணாம்பு தேய்ந்துவிட்டது. இப்போது அங்கே கழுவுவது அம்மா. என்னைப் போகச் சொல்வதில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஜனவரி 12, சனி

திங்கட்கிழமையிலிருந்து கீழே இறங்குகிறான். அதே தூள் அள்ளும் வேலை. கொஞ்ச நாளைக்கு லேசான வேலை கொடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஃபோர்மன் படித்துவிட்டு, கீழே எது லேசான வேலை என்று கேட்டாராம்.

நைனா இன்று அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். என்ன கேட்டது என்று சொல்லவில்லை.

ஜனவரி 14, திங்கள்

இன்னும் விடியவில்லை. நான் தூங்கவே இல்லை. முதல் ஷிப்டுச் சங்கு இன்னும் ஊதவில்லை. அண்ணன் எழுந்து குளித்து, அம்மா கொடுத்த கூழைக் குடித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனான். நான் போர்வைக்குள் உட்கார்ந்தபடி காது கொடுத்துக் கேட்டேன். சாக்கடை ஓரத்தில் சத்தம் கேட்டது. நின்றது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அதன் நிறம் எனக்குத் தெரியாது. நான் எழுந்து போய்ப் பார்த்தால், வேவு பார்க்கிறாள் என்று அவன் இன்னொரு மாதம் பேசாமல் இருப்பான்.

காலடிச் சத்தம் வீட்டுக்குள் போகாமல் சுவரைச் சுற்றி வந்தது. என் பாயில் விழுந்திருந்த வெளிச்சம் மறைந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றான். நோட்டு என் மடியில் திறந்தே இருந்தது. மறைக்க நேரமில்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அவன் முகம் தெரியவில்லை. தலையைச் சுற்றி வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

"தண்ணி மாதிரி கீதுடி" என்றான். "படுத்துத் தூங்கு."